பிரசவ விடுதியின் வயிற்றோட்டம்: 1983ஆம் ஆண்டு மெல்பேர்ண் முடிவு குறித்து ஒரு மறுவாசிப்பு

வைத்தியசாலையில் பிறந்த சில நாட்களுக்குள் குழந்தைக்குத் தொற்றும் ரோட்டா வைரசு பெரும்பாலும் தீங்கற்றது, பின்னாளில் வரும் கடும் வயிற்றோட்டத்துக்கு அது காப்பாகவும் அமையும் என்ற கருத்து நாற்பது ஆண்டுகளாக மருத்துவ எழுத்துகளில் நிலைபெற்றிருக்கிறது. மெல்பேர்ணில் ரூத் பிஷப்பும் அவருடைய குழுவினரும் 1983இல் வெளியிட்ட கட்டுரையே இதன் முதன்மையான வேர். அந்த முடிவு மெல்பேர்ணுக்குப் பொருந்தும். அதை எல்லா ஊர்ச் சிசுப் பராமரிப்பு அறைகளுக்கும் பொதுவிதியாக நீட்டியது தவறு. தவறு என்பதற்கான சான்று தமிழ்நாட்டின் வேலூரில் கிடைத்தது. இலங்கையின் வன்னியில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நடப்பதால் இது நமக்கு நூலகத்தோடு முடிந்துவிடும் விவாதம் அல்ல.

1973இல் மெல்பேர்ண் அரச சிறுவர் வைத்தியசாலையில், வயிற்றோட்டத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் முன்சிறுகுடல் திசுவை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது பிஷப், டேவிட்சன், ஹோம்ஸ், றக் ஆகியோர் இந்த வைரசைக் கண்ட வரலாறு அறியப்பட்டதே. அதற்குப் பத்து ஆண்டுகளின் பின் வந்த கட்டுரையையே நான் எடுத்துக்கொள்கிறேன். பிறந்தது முதல் மூன்று வயது வரை 81 குழந்தைகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டார்கள். முதல் 14 நாட்களுக்குள் தொற்றுக்கு உள்ளானவர்கள் 44 பேர், உள்ளாகாதவர்கள் 37 பேர். இரு சாராருக்கும் பிற்காலத்தில் மறுபடி தொற்று வந்தது. ஆனால் முன்பே தொற்றியவர்களிடம் நோய்க்குறிகள் குறைவாக இருந்தன, கடுமையும் குறைந்திருந்தது. பிஷப் எழுதியது இவ்வளவுதான்: தொற்றைத் தடுக்கவில்லை, நோயின் கடுமையைத் தடுத்தது.

இந்த வாசகத்தின் இரண்டு பகுதிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். பின்வந்தவர்கள் இரண்டாவது பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கடுமையைக் குறைக்கிறது என்பது தீங்கற்றது என்றாயிற்று. தீங்கற்றது என்பது நன்மையானது என்றாயிற்று. 1986இல் ஃபுளோரஸும் சக ஆய்வாளரும், அறிகுறியற்ற சிசுக்களிடமிருந்து எடுத்த வைரசுகளின் நான்காம் மரபணு ஒரே வகையாக இருப்பதைக் காட்டி, வைரசின் வீரியம் குறைந்ததற்கு அதுவே காரணமாகலாம் என்றார்கள். அப்போது வாசிப்பு இன்னும் இறுகியது. சிசு அறையில் வாழும் வைரசே இயல்பில் சாந்தமானது என்ற எண்ணம் பரவியது. அதே மரபணு வகை கொண்ட வைரசுகள் பின்னர் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் நோயுற்ற குழந்தைகளிடம் காணப்பட்டபோதும் எண்ணம் முழுதாக மாறவில்லை.

இந்த வாசிப்பால் நன்மையும் விளைந்தது, அதை மறைப்பது நேர்மையல்ல. 1985–86இல் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் சிசு அறையில் பரவிய 116ஈ என்ற வைரசை எம்.கே. பான் குழுவினர் பின்தொடர்ந்தார்கள். சிசுப் பருவத்தில் அது தொற்றியவர்களுக்குப் பின்னாளில் ரோட்டா வயிற்றோட்டம் 46 சதவீதம் குறைந்திருந்ததாக 1993இல் எழுதினார்கள். ரோட்டாவாக் தடுப்பு மருந்து அந்த வைரசிலிருந்தே உருவானது. டில்லி, பூனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், கடும் ரோட்டா வயிற்றோட்டத்தை அது 53.6 சதவீதம் குறைத்ததாக 2014இல் அறிவிக்கப்பட்டது. 2016இல் இந்தியாவின் நான்கு மாநிலங்களிலும் 2017இல் தமிழ்நாட்டிலும் அரச தடுப்பூசித் திட்டத்தில் அது சேர்ந்தது. மெல்பேர்ண் சிசு அறையில் கிடைத்த ஆர்வி3 வைரசும் இந்தோனேசியாவில் பிறந்த குழந்தைகளிடம் தடுப்பு மருந்தாகச் சோதிக்கப்பட்டு 2018இல் நல்ல பலன் காட்டியது. ஆனால் தெரிந்தெடுத்து, வளர்த்து, அளந்து, சோதித்துக் கொடுக்கும் ஒரு வைரசு நல்ல பலன் தருவதால், எவர் கையிலிருந்து எவ்வளவு வந்தது என்று தெரியாமல் விடுதியில் தொற்றும் வைரசும் நல்லது என்று ஆகிவிடாது. இந்த இரண்டையும் ஒன்றாக்கியதே மேற்சொன்ன வாசிப்பின் அடிப்படைப் பிழை.

இனி என் வாதம் தங்கியிருக்கும் வகைக்கு வருகிறேன். ஜி10பி[11] என்பது மாடுகளிடம் பொதுவாகக் காணப்படும் ரோட்டா வைரசு வகை. 1980களின் இறுதியில் பெங்களூரில் அறிகுறி எதுவும் இல்லாத சிசுக்களிடம் இது பரவலாகக் காணப்பட்டது. இந்திய விஞ்ஞானக் கழகத்தின் துர்கா ராவ் குழுவினர் அதை ஐ321 என்று பெயரிட்டு ஆராய்ந்தார்கள். பதினொரு மரபணுத் துண்டுகளில் இரண்டு மட்டுமே மனித வைரசுக்கு உரியவை, மற்றவை மாட்டு வைரசுக்கு உரியவை என்று கண்டார்கள். பெங்களூர்க் குழந்தைகளிடம் ரோட்டா வயிற்றோட்டம் குறைந்திருந்ததில் இந்தச் சிசுத் தொற்றுக்குப் பங்கு இருக்கலாம் என்று 2004இல் எழுதினார்கள். ‘இருக்கலாம்’ என்ற எச்சரிக்கை அவர்களுடைய கட்டுரைத் தலைப்பிலேயே உண்டு. மேற்கோள் காட்டியவர்கள் அதைக் கைவிட்டார்கள்.

பெங்களூரிலிருந்து சில மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிறது வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையின் சிசு அறைகளிலும் இதே ஜி10பி[11] கிடைத்தது. ஐ321க்கு மிக நெருங்கிய உறவு. ஆனால் இங்கே குழந்தைகள் நோயுற்றார்கள். 2004இல் இத்துரிசா-கோமாரா, ககன்தீப் காங் முதலியோர் வெளியிட்ட கட்டுரை இதை முதலில் விரிவாகப் பதிவு செய்தது. சசிரேகா ரமணியும் சக ஆய்வாளரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட சிசுக்களில் பத்தில் நான்குக்கும் மேற்பட்டோரிடம் ரோட்டா வைரசு இருந்தது. நிறைமாதக் குழந்தைகளுக்கு வந்தது வயிற்றோட்டம். குறைமாதக் குழந்தைகளுக்கு வயிறு ஊதியது, பால் சேராமல் போனது, மலத்தில் இரத்தம் வந்தது. ஆயிரத்துச் சொச்சம் கிராம் எடையுள்ள ஒரு குழந்தைக்கு வயிறு ஊதிப் பால் நிறுத்தப்பட்டால் அது சாதாரண விடயமல்ல என்பதைக் குறைமாதப் பிரிவில் வேலை செய்த எந்தத் தாதியும் சொல்வார். தன் சிசு அறைகளில் நிகழ்ந்ததை ஒளிக்காமல் அச்சிட்ட வேலூருக்கு இத்துறை கடன்பட்டிருக்கிறது.

நோயுற்ற குழந்தையிடம் இருந்த வைரசு வேறு, நலமாக இருந்த குழந்தையிடம் இருந்தது வேறு என்று எவரும் சந்தேகிக்கலாம். 2014இல் லிபொனாற்றி முதலியோர் இரு சாராரிடமிருந்தும் எடுத்த வேலூர் வைரசுகளின் முழு மரபுத்தொகுதியையும் வரிசைப்படுத்தினார்கள். பிரித்துக்காட்டும் வேறுபாடு எதுவும் அகப்படவில்லை. வைரசு ஒன்றே. அப்படியானால் அதன் சாந்தத்தை அதன் மரபணுவில் தேடிய 1986ஆம் ஆண்டுக் கருதுகோள் இந்த வகையைப் பொறுத்தவரை நிற்காது. நோயைத் தீர்மானித்தது குழந்தையும் அதன் சூழலும். எவ்வளவு வைரசு உள்ளே போனது, எத்தனையாவது மாதத்தில் பிறந்தது, என்ன குடித்தது என்பவை முன்னுக்கு வருகின்றன. 2018இல் வேலூர்த் தாய்மாரின் பாலை ஆராய்ந்தபோது, நோயுற்ற குழந்தைகளின் தாய்ப்பாலில் சில வகைச் சர்க்கரைத் தொடர்கள் கூடுதலாக இருந்தன. ஆய்வுகூடத்தில் அதே சர்க்கரைகள் ஜி10பி[11] உயிரணுவைத் தொற்றுவதை அதிகரித்தன. இதைக் கேட்டு எவரும் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மற்ற எல்லாக் குடல் தொற்றுகளுக்கும் எதிராகக் குழந்தைக்கு இருக்கும் முதல் அரண் அதுதான். இந்த ஒரு வகை அந்த அரணைக் கடந்துவிடுகிறது என்பதுதான் செய்தி. தாய்ப்பால் கொடுக்கும் விடுதியில் கை கழுவுதல் தளரலாம் என்று நினைக்க இடமில்லை.

மாட்டு வைரசும் மனித வைரசும் எப்போது, எங்கே கலந்து இந்த வகை பிறந்தது என்பது தீரவில்லை. பெங்களூரிலிருந்து வேலூருக்குப் போனதா, இரு ஊர்களும் பொது மூலம் ஒன்றிலிருந்து தனித்தனியே பெற்றனவா என்பதையும் இப்போதுள்ள வரிசைகளைக் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலாது. பதிவான ஆண்டுகளைக் கொண்டு முந்தியது பெங்களூர் என்று சொல்லலாம். பதிவான ஆண்டும் பிறந்த ஆண்டும் ஒன்றல்ல.

காப்பு என்ற இரண்டாவது தூணுக்கு வருவோம். பனர்ஜியும் சக ஆய்வாளரும் 2007இல், ஜி10பி[11] சிசுப் பருவத்திலேயே தொற்றிய வேலூர்க் குழந்தைகளைப் பின்தொடர்ந்து, அது பின்வந்த ரோட்டாத் தொற்றுகளுக்கு எதிராகக் காப்புத் தரவில்லை என்று காட்டினார்கள். 116ஈயின் நான்காம் மரபணுவும் பி[11] வகைதானே, அது டில்லியில் காத்ததே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 116ஈ பெரும்பாலும் மனித வைரசு, மாட்டிலிருந்து வந்தது அதன் நான்காம் மரபணு மட்டுமே. ஜி10பி[11] பெரும்பாலும் மாட்டு வைரசு. பின்னாளில் குழந்தையைத் தாக்கும் மனித வைரசுகளை அடையாளம் காண அது உடலுக்குக் குறைவாகவே கற்றுக்கொடுக்கும் என்று கருதுகிறேன். இதற்கு நேரடிச் சான்று மெலிந்தது என்பதை ஏற்கிறேன். ஆயினும் 116ஈ, ஐ321 இரண்டையும் ஒப்பிட்ட தொடக்கச் சோதனையில் 116ஈயே குழந்தைகளிடம் தெளிவாகக் கூடுதல் எதிர்ப்பைத் தூண்டியது என்பதும், தடுப்பு மருந்தாக அதுவே முன்சென்றது என்பதும் இந்தப் பக்கமே சாய்கின்றன.

இடத்தின் பங்கும் உண்டு. மெக்சிக்கோவில் 200 குழந்தைகளை ஆராய்ந்த வெலாஸ்கெஸ் குழு, இரண்டு தொற்றுகளின் பின் மிதமான அல்லது கடுமையான நோய் எவருக்கும் வரவில்லை என்று 1996இல் எழுதியது. வேலூர்க் குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளை மூன்று ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2011இல் வந்தது. அங்கே ஆறு மாதத்துக்குள்ளேயே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் தொற்றுக்கு உள்ளாகியிருந்தார்கள். மூன்று தொற்றுகளின் பிறகும் காப்பு 79 சதவீதமே. ஆகவே மெல்பேர்ணின் 81 குழந்தைகளை எல்லா ஊருக்கும் அளவுகோலாக வைக்க முடியாது.

மெல்பேர்ண், வேலூர் இரண்டில் வன்னி எதற்கு அருகில் இருக்கிறது? இறுதிப் போரின்போது, 2009 பெப்ரவரியின் முதல் நாட்களில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளாகி, நோயாளர் புதுமாத்தளனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அங்கே பாடசாலைக் கட்டடமே வைத்தியசாலையாயிற்று. அதே ஆண்டில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் வயிற்றோட்டமும் செங்கமாரியும் பரவின. இன்று நிலைமை வேறு, கட்டடங்களும் ஆளணியும் திரும்பியிருக்கின்றன. ஆனால் நெரிசலும் நீர்த் தட்டுப்பாடும் வந்தால் குடல் தொற்று எவ்வளவு விரைவாகப் பெருகும் என்பதை இம்மண் கண்டிருக்கிறது. ஒப்பிடுவதென்றால் வேலூரையே எடுக்க வேண்டும் என்பது என் துணிபு.

தடுப்பு வழிக்கு மறுபடியும் பிஷப்பிடமே போகலாம். எல்லாரும் மேற்கோள் காட்டுவது 1983. அவரே 1979இல் கமரன், வீன்ஸ்ட்ரா, பார்ன்ஸ் ஆகியோருடன் எழுதிய கட்டுரை, பிரசவத்தின் பின் குழந்தைகளை வைத்துப் பராமரிக்கும் முறைகளை ஒப்பிட்டது. தாயின் பக்கத்திலேயே விடப்பட்ட குழந்தைகளிடம் தொற்றுக் குறைவு. தொட்டில்கள் வரிசையாக அடுக்கப்பட்ட பொது அறையில் இருந்தவர்களிடம் கூடுதல். காரணம் புரிகிறது. தாயோடு இருக்கும் குழந்தையைத் தொடுவது பெரும்பாலும் இரண்டு கைகள். பொது அறையில் ஒரே தாதி ஒரு குழந்தையின் அணையாடையை மாற்றிவிட்டு அடுத்ததற்குப் பால் புகட்டுகிறார், இடையில் அழுகிற மூன்றாவதைத் தூக்குகிறார். ரோட்டா வைரசு கையில் மணிக்கணக்கிலும் தொட்டில் விளிம்பிலும் மேசையிலும் நாட்கணக்கிலும் உயிரோடிருக்கும். தொற்றுவதற்கு மிகச் சிறிய அளவே போதும். சவர்க்காரமும் நீரும், அல்லது அற்ககோல் திரவமும் கையிலிருந்து அதை நீக்கும். பரப்புகளுக்குக் குளோரின் கரைசல் வேண்டும். வளர்ந்தோர் விடுதிகளில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் பின் வரும் கிளஸ்திரிடியம் டிபிசில் வயிற்றோட்டத்துக்கு அற்ககோல் உதவாது. அதன் வித்திகள் அற்ககோலுக்குச் சாகாதவை, சவர்க்காரம் போட்டு நீரில் கழுவியே நீக்க வேண்டும். எல்லா விடுதிக்கும் சுவரில் ஒரே போத்தலை மாட்டிவிட்டால் போதும் என்று நினைக்கும் நிருவாகிகள் இதைக் கவனிப்பது நல்லது.

இலங்கையில் நலமாகப் பிறந்த குழந்தை தாயின் கட்டிலிலேயே கிடக்கிறது. 1979ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டிய வழியில் பாதி ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. மீதிப் பாதி, குறைமாதக் குழந்தைகளும் நோயுற்ற குழந்தைகளும் கிடக்கும் விசேட சிசுப் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறது. அங்கே தொட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில், கறந்த பால் கிண்ணங்கள் ஒரே மேசையில், கைகள் பலருடையவை. வேலூரில் மலத்தில் இரத்தம் கண்டதும் அந்த வகைக் குழந்தைகளிடம்தான். வளர்ந்த நோயாளிக்கு, அனுமதித்து 48 மணி நேரத்தின் பின் தொடங்கிய தொற்றையே வைத்தியசாலைத் தொற்று என்று கணக்கிடுவது வழக்கம். விடுதியிலேயே பிறந்து அங்கிருந்து வெளியே போகாத குழந்தைக்கு அந்தக் கணக்கு வேண்டியதில்லை. மூன்றாம் நாள் அதற்கு வயிற்றோட்டம் வந்தால், கிருமி அந்த அறையிலிருந்தோ தாயிடமிருந்தோ வந்ததாகவே இருக்கும். தாதியரின் பதிவேட்டில் குழந்தை கிடந்த தொட்டிலின் எண்ணையும் வயிற்றோட்டம் தொடங்கிய நாளையும் ஒரே வரியில் எழுதினால், கிருமி எந்தத் தொட்டிலிலிருந்து எந்தத் தொட்டிலுக்குப் போனது என்பதை இலத்திரன் நுணுக்குக்காட்டி இல்லாத வைத்தியசாலையும் கண்டுகொள்ளலாம்.