குடிபெயர்ந்தபோது விட்டுவந்த ஏடுகள்

திருவண்ணாமலையில் தமிழ் நடத்துபவனுக்கு அருணகிரிநாதரைத் தவிர்க்க இயலாது. 1890களில் வ. த. சுப்பிரமணிய பிள்ளை சுவடிகளைத் தேடித் தொகுத்துத் திருப்புகழைப் பதிப்பித்த வரலாற்றை ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லிவருகிறேன். ஓரூரில் கறையான் அரித்த ஏட்டுக்கு வேறோர் ஊரில் படி கிடைக்கக்கூடும். ஏட்டுமரபின் வலிமை அது. ஆனால் இரு படிகளில் ஒரு சொல் வேறுபட்டால், மாற்றியவர் யார், எப்போது, ஏன் என்பதற்குப் பெரும்பாலும் விடை இராது.

மென்பொருளும் பலர் கைபட்டு வளரும் நூலே. அதனால் ஒவ்வொரு திருத்தத்தையும், செய்தவர் பெயர், நாள், காரணத்துடன் பதிந்துவைக்கின்றனர். சிவிஎஸ், சப்வெர்ஷன் போன்ற பழைய அமைப்புகளில் இப்பதிவேடு ஒரே நடுவண் கணினியில் இருக்கும். மற்றவர் கையில் இருப்பது நடப்பு மூலம் மட்டுமே. பரவல் முறையிலோ படியெடுக்கும் ஒவ்வொருவரிடமும் முழுப் பதிவேடும் சேர்ந்தே போகிறது. தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி 2012 மார்ச்சில் சப்வெர்ஷனிலிருந்து 'கிட்' என்னும் பரவல் முறைக்கு மாறியபோது, 2003 முதலான வரலாற்றையும் உடன் கொண்டுவந்தது.

அந்தக் 'கிட்'டை ஈன்ற லினக்ஸ் அவ்வாறு செய்யவில்லை என்பதுதான் வியப்பு. 2002 முதல் லினக்ஸ் கருநிரல் பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருளில் பேணப்பட்டது. அதுவும் பரவல் முறைதான். ஆனால் சாவி பிறர் கையில். ஆண்ட்ரூ டிரிட்ஜெல் அதனோடு உரையாடும் கருவியொன்றைத் தாமே எழுத முற்பட, 2005இல் இலவச உரிமம் விலக்கப்பட்டது. வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொன்னதற்கு ஒப்பான நிலை. லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரல் தொடக்கத்தில் 'கிட்'டை எழுதத் தொடங்கினார்; அம்மாதம் 16ஆம் நாளே கருநிரலின் மூலம் அதில் குடியேறிவிட்டது. முழு வரலாறும் கைவசம் இருக்கிறது, ஆனால் அது 3.2 கிகாபைட் அளவு வரும், தொடக்கத்திலேயே அச்சுமை வேண்டாம் என்று முதற்பதிவிலேயே குறித்திருக்கிறார். அவசரம் புரிகிறது. பதிப்பாசிரியனின் கண்ணுக்கு உறுத்தவும் செய்கிறது.

பழைய வரலாற்றைப் பின்னர்ச் சிலர் தனித்தொகுப்பாக மீட்டெடுத்து, விரும்புவோர் ஒட்டிக்கொள்ள வழிசெய்தனர். ஒட்டிக்கொள்ளாதவர் கணினியில், அதற்குமுன் எழுதப்பெற்று இன்றுவரை மாறாத எந்த வரியை எழுதியவர் யாரெனக் கேட்டாலும், 2005 ஏப்ரல் 16, டோர்வால்ட்ஸ் என்ற ஒரே விடைதான் வருகிறது.