அந்த ஆடி 18 என்ன கிழமை?



நம்ம சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலையை வெள்ளையர் தூக்கிலிட்டது 1805 ஜூலை 31, ஆடி 18. என்ன கிழமை?

முடிந்த ஆண்டுகள் 1804. அவற்றில் லீப் ஆண்டுகள் 437. ஜூலை 31 அந்த ஆண்டின் 212ஆவது நாள். மொத்தம் 2453. ஏழால் வகுத்தால் மீதி 3. ஞாயிறை 0 என்று வைத்தால், புதன்கிழமை.

கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் பிள்ளைகளே, கவனம். ஜாவாஸ்கிரிப்டிலும் ஞாயிறுதான் 0. பைத்தானின் 'வீக்டே'யில் திங்கள் 0. அங்கே 3 என்றால் வியாழன்! வெறும் எண்ணாகக் குறித்தால் மாவீரன் மறைந்த கிழமையே மாறிவிடும்.

சோழர் கல்வெட்டுகளில் கிழமையைப் பெயராகவே வெட்டினார்கள். ஆய்வாளர்கள் இன்றும் அதை வைத்துத் தேதியைச் சரிபார்க்கிறார்கள். நீங்களும் பெயரோடு எழுதுங்கள்.