பாத்திரத்தின் உள்ளமும் ஆடுவோரின் உரிமையும்

மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனை மாந்தரின் பாத்திரத்தை ஏற்று, நடுவர் ஒருவரின் துணையோடு பேச்சினாலும் பகடையினாலும் கதையொன்றை வளர்த்துச் செல்லும் விளையாட்டு, ஐக்கிய அமெரிக்காவில் 1970களில் உருப்பெற்றதாகும். தாம் ஏற்ற பாத்திரம் என்ன செய்யும் என்பதை ஆடுவோரே தீர்மானிப்பர். ஆயின், அப்பாத்திரம் அஞ்சுவதும் இரங்குவதும் ஆசைவயப்படுவதுங்கூட அவர்தம் விருப்பத்திற்கு உட்பட்டனவா? இவ்விளையாட்டின் வரலாற்றை ஒருவகையில் இவ்வினாவின் வரலாறாகவே கொள்ளலாம்.

இது போர்விளையாட்டின் வழிவந்தது. 1971 இல் வெளியான ‘செயின்மெயில்’ என்னும் போர்விளையாட்டிற் படைகளின் மனவுறுதியைப் பகடை தீர்மானித்தது. உறுதி குலைந்த படை, ஆடுவோர் விரும்பாவிடினும் பின்வாங்கும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் 1974 இல் ஆக்கியளித்த ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ இவ்விதியைக் கூலிவீரருக்கு வைத்துக்கொண்டு, ஆடுவோரின் பாத்திரங்களுக்கு விலக்களித்தது. ஏவலரின் அச்சம் பகடைக்குரியதாக, தலைவரின் அச்சம் ஆடுவோருக்குரியதாயிற்று.

எனினும் அவ்வுரிமை வரம்பற்றதன்று. ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்னும் மூன்று சார்புகளுள் ஒன்றைப் பாத்திரம் மேற்கொள்ளவேண்டியிருந்தது. 1978 ஆம் ஆண்டு விதிநூலில் நன்மை தீமை என்னும் பாகுபாடும் சேர, சார்புகள் ஒன்பதாயின. 1979 இல் வந்த நடுவர் கைந்நூலின்படி, சார்பு மாறிய பாத்திரம் தான் ஈட்டிய படிநிலைகளுள் ஒன்றை இழக்கும். உள்ளம் ஆடுவோரிடமே இருந்தது. நடத்தையைத் தண்டிக்கும் அதிகாரம் நடுவரிடம் இருந்தது.

1981 இல், லவ்கிராஃப்டின் திகிற்கதைகளைத் தழுவி சாண்டி பீற்றர்சன் ஆக்கிய ‘கால் ஒவ் கதுல்லு’ மனநலத்தை எண்ணால் அளந்தது. அவ்வெண் பூச்சியமாகின், பாத்திரம் ஆடுவோரின் கையைவிட்டு நடுவரிடஞ் சேரும்.

இவ்வழியில் மிகத் தொலைவு சென்றவர் கிரெக் ஸ்டஃபோர்ட் ஆவார். ஆர்தர் மன்னன் கதைமரபைத் தழுவி அவர் 1985 இல் வெளியிட்ட ‘பென்ட்ராகன்’, இரக்கம்–கொடுமை, வாய்மை–வஞ்சகம், வீரம்–கோழைமை என ஒன்றுக்கொன்று மாறான பதின்மூன்று குணச்சோடிகளை வகுத்தது. ஒவ்வொரு சோடியின் கூட்டுத்தொகையும் 20 ஆகும். ஒரு வீரனின் இரக்கம் 16 எனின், அவனது கொடுமை 4. வீழ்ந்த பகைவன் உயிர்ப்பிச்சை கேட்கும்போது, இருபதுமுகப் பகடையில் 16 அல்லது அதனிற் குறைந்த எண் விழுந்தால் இரக்கம் வெல்லும். விழாவிடிற் கொடுமைக்காகப் பகடை உருட்டப்படும். இரண்டும் தவறினாலே ஆடுவோர் தம் விருப்பப்படி தெரிவு செய்வர். இவற்றோடு அன்பு, விசுவாசம், பகை ஆகிய பெருவேட்கைகளும் எண் பெற்றன.

இஃது ஆடுவோரைப் பொம்மையாக்குவதன்றோ எனச் சிலர் வினவுவர். அவ்வெண்கள் வளரும் முறையை நோக்குதல் வேண்டும். பாத்திரம் இரக்கத்தோடு நடந்துகொண்ட நிகழ்வுகள் குறித்துவைக்கப்பட்டு, ஆண்டிறுதியில் இரக்கத்தின் எண் உயர வாய்ப்பளிக்கும். எனவே இன்று பாத்திரத்தைப் பிணிக்கும் எண்ணிற் பெரும்பங்கு, ஆடுவோர் நேற்றுத் தாமே தெரிந்து செய்தவற்றின் பதிவாகும். 1485 இல் கக்ஸ்ரன் அச்சிட்ட மலோரியின் ஆர்தர் கதையில், மன்னன்பாற் கொண்ட விசுவாசத்துக்கும் அரசிபாற் கொண்ட காதலுக்கும் இடையே லான்சலொட் சிதைகிறான். விரும்பியபோது காதலை விலக்கிவைக்க அவனால் இயலுமாயின், அங்கே அவலம் ஏது?

பிற்காலத்தோர் இரு நிலைகளுக்கும் இடையே வழி தேடினர். 2013 இல் வெளியான ‘ஃபேற் கோர்’ விளையாட்டிற் பாத்திரத்தின் குறை அதனை இடரில் தள்ளும்போது, இணங்கும் ஆடுவோர் ஒரு புள்ளி பெறுவர். மறுப்போர் ஒன்றைச் செலவிடுவர். 2014 இல் வந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ ஐந்தாம் பதிப்பும் குறைக்கேற்ப நடிப்போருக்குப் பரிசு வழங்கியது. கட்டாயம் இவ்வாறு பேரமாக மாறியது.

பேரத்தில் ஆடுவோரின் உரிமை காக்கப்படுகிறது என்பது உண்மையே. ஆயினும் மனிதன் தன் குணத்தை விலைபேசி மறுப்பது அரிது. தன் செயல்களாலேயே உருவான குணம் தன்னையே ஆளத்தொடங்கும் நிலையை, ஸ்டஃபோர்டின் கடுமையான விதிகளே தெளிவுறக் காட்டின எனலாம்.