நொத்தேர் எழுதிய ஒரு வரி

1984-இல் அரியாங்குப்பத்தில் வீடு தேடினேன். டவுனில் ஒரு குமாஸ்தா சம்பளத்துக்கு வீடு கிடைக்காது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் விலை குறைவு. சைக்கிளில் அலுவலகம் போய்விடலாம், சாயங்காலம் வீராம்பட்டினம் பக்கமிருந்து கடற்காற்றும் வரும். என்னைப் போல் பல அரசு ஊழியர்கள் அந்தப் பக்கம் குடியேறிய காலம் அது.

தரகர் காட்டிய வீடு 3 குழி மனை. நம்ம ஊர்க் கணக்கில் ஒரு குழி என்பது 24 அடிக்கு 24 அடி, 100 குழி ஒரு காணி என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். தாய்ப் பத்திரத்தில் அது "1 ஆர் 60 சாந்தியார்" என்று இருந்தது. 1951-இல் பிரெஞ்சில் எழுதிய பத்திரம். "வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, சுத்தமா இருக்கு சார்" என்றார் தரகர். போட்டிருந்தது கடைசி 13 வருஷத்துக்கு மட்டும்.

பிரெஞ்சுக் காலத்து முறையை இங்கே சொல்ல வேண்டும். இப்போது கிரயம் முடிந்தால் அசல் பத்திரம் வாங்கினவர் கைக்கு வருகிறது. அன்று நொத்தேர் முன்பு எழுதினால் அசல் அவரிடமே தங்கிவிடும். அதற்கு "மினுய்த்" என்று பெயர். நமக்குக் கிடைப்பது முத்திரை வைத்த நகல். வீட்டில் கரையான் அரித்தாலும் நொத்தேரிடம் போய் இன்னொரு நகல் வாங்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மொழி பிரெஞ்சு, கையெழுத்துப் போட்டவர்களில் பலருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்த பிறகு, அந்தக் காகிதங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்தார்கள்.

பள்ளியில் படித்த பிரெஞ்சு எனக்கு அன்றைக்குத்தான் பயன்பட்டது. அது தகப்பனார் மகனுக்கு எழுதிய தான பத்திரம். பிரெஞ்சு நீதிமன்றங்கள் ஏற்றிருந்த இந்து வழக்காறுப்படி, தகப்பன் இருக்கும்வரை சொத்து முழுவதும் அவர் இஷ்டம். மகனுக்குப் பிறப்பால் பங்கு கிடையாது. இவரும் தம் இஷ்டப்படி எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் "யூசுஃப்ருயி" என்ற சொல் இருந்தது. தமக்கும், தமக்குப் பின் தம் மனைவிக்கும், ஆயுள் உள்ளவரை வீட்டை ஆண்டு அனுபவிக்கும் உரிமை. மகனுக்குக் கிடைத்தது பேருக்குச் சொந்தம் மட்டும். வீடு யார் கைக்குப் போனாலும் அந்த உரிமை போகாது.

விற்க வந்தவர் அந்த மகன். அவருடைய தாயார் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வீட்டை விற்றதும் அவரை மகள் வீட்டுக்கு அனுப்புவதாகப் பேச்சு. மகனுக்கு அந்த வரி தெரியுமா என்று நான் கேட்கவில்லை. தெரிந்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அந்த அம்மாவிடம் போய்த் தமிழில் படித்துச் சொன்னேன். "அவர் அப்படியா எழுதி வெச்சார்?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இன்னொரு தரம் படிங்க தம்பி" என்றார். படித்தேன்.

தரகர் என்மேல் கோபித்துக்கொண்டு போய்விட்டார். நான் அடுத்த வருஷம் முருங்கப்பாக்கத்தில் இதைவிடச் சின்ன மனை வாங்கினேன். அந்த அம்மா இன்னும் பதினோரு வருஷம் அந்தத் திண்ணையில் இருந்தார். சைக்கிளில் போகும்போது பார்ப்பேன், கூப்பிட்டு மோர் கொடுப்பார்.