மூலைக்கடை மேசை

மும்பைத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோயிலை எழுதுவர், பள்ளியை எழுதுவர், சங்கத்தை எழுதுவர். இரானிக் கடையை எழுதுவதில்லை. நம் முன்னோருள் பலர் இந்நகருக்கு வந்து முதன்முதல் உண்ட அயலுணவு அக்கடையின் ரொட்டியும் வெண்ணெயுமே. ஆதலின் அதனைப் பற்றி ஈண்டுச் சில கூறுவோம்.

இரானிகளுள் பெரும்பாலோர் பார்சிகளின் சமயத்தாரே. ஆயினும் வந்த காலம் வேறு. பார்சிகள் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே குஜராத்துக் கரையில் இறங்கியவர்கள். இரானிகளோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு யஸ்து, கெர்மான் ஊர்ப்புறங்களிலிருந்து வந்தவர்கள். 1870 முதல் 1872 வரை பாரசீகத்தை வாட்டிய கொடும்பஞ்சம் ஒரு காரணம். ஜொராஸ்டிரிய சமயத்தார் என்பதற்காகப் பிறந்த மண்ணிலேயே பட்ட இழிவு மற்றொரு காரணம். அவர்கள்மீது விதிக்கப்பட்ட ஜிஸியா வரி 1882இல்தான் நீங்கியது. பஞ்சமும் இழிவும் துரத்த ஊரை விட்டவர்கள் என்றால், நமக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

வந்தவர்கள் தெரு முனைகளில் கடை வைத்தனர். மூலைமனை ஆகாது என்று இந்து வணிகர் ஒதுக்கியதால் அவை இவர்களுக்கு எளிதில் வாய்த்தன என்பர். அண்ணனும் தம்பியும் மைத்துனனுமாக ஒரே குடும்பத்தார் கல்லாவிலும் அடுப்படியிலும் நிற்பர். தோபி தலாவின் கியானி கடை 1904இலும், பல்லார்டு எஸ்டேட்டின் பிரிட்டானியா 1923இலும் தோன்றின. நம்மவர் பெருகி வாழ்ந்த மாடுங்காவில், கிங்ஸ் சர்க்கிளை ஒட்டி, 1932இல் கூலார் அண்டு கம்பெனி எழுந்தது.

பளிங்குக்கல் மேசை, வளைமர நாற்காலி, சுவரெங்கும் நிலைக்கண்ணாடி. கல்லாவில் இருந்தபடியே கடை முழுவதையும் நோக்க அக்கண்ணாடிகள் உதவின. கண்ணாடிச் சாடிகளில் பிஸ்கோத்து. அருகே சோப்பும் தீப்பெட்டியும் சவரத் தகடும் விற்பனைக்கு உண்டு. மேலோடு மொறுமொறுத்த புருன் ரொட்டியை நடுவே பிளந்து, உப்பு வெண்ணெயை ஒளிவின்றித் தடவி மூடி, துண்டுகளாக அறுத்துத் தருவர். முன்னாளில் போல்சன் வெண்ணெய், பின்னாளில் அமுல். மெல்லிய பன்னும் உண்டு. எதுவாயினும் பாலும் சர்க்கரையும் மிகுந்த தேநீரில் தோய்த்தே உண்ண வேண்டும். தேநீரின்மேல் வெண்ணெய் மிதப்பதைக் கண்டு முகம் சுளிப்பவர் அச்சுவையை அறியாதவர்.

நம் வீட்டுப் பெரியோர் இதனை எளிதில் ஏற்கவில்லை. கள் விட்டுப் புளிக்க வைத்த மாவு என்று ரொட்டிக்கே ஒரு பழி; முட்டை பொரிக்கும் அடுப்பு என்பது இரண்டாம் பழி. ஆயினும் குமாஸ்தா வேலைக்கு வந்த இளைஞன் அலுவலகம் செல்லும் வழியில் நுழைந்தான். தாராவியில் தோல் பதனிட வந்த திருநெல்வேலிச் சீமைத் தொழிலாளியும் நுழைந்தான். ஊரில் தேநீர்க் கடையின் புறத்தே நின்று தனிக் குவளையில் வாங்கிக் குடித்தவன், இங்கே காலணாவுக்குத் தேநீர் கேட்டு, எவரும் அமரும் மேசையில் அமர்ந்தான். சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகப் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அகற்றப் பெரியார் 1957இல் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது என்பதை இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். நம்மவர் சாதியை ஊரிலேயே விட்டுவிட்டு ரயிலேறியவர் அல்லர். ஒரே சாதியார் கூடி உண்ணும் மெஸ்கள் இந்நகரிலும் இருந்தன.

இரானியின் கடையில் தடைகளுக்குக் குறைவில்லை. தலை சீவாதே, நாற்காலியில் காலை வைக்காதே, நெடுநேரம் அமராதே என்றெல்லாம் பலகை எழுதி மாட்டுவர். நிசீம் எசக்கியேல் அத்தகைய பலகையொன்றையே ஆங்கிலக் கவிதையாக்கினார். இத்தனை தடைகளுள்ளும் ‘இன்ன சாதியார் நுழையலாகாது’ என்பது மட்டும் இல்லை. அது அருளாலன்று, வணிகத்தால் என்பாரும் உளர். இருக்கட்டும். வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு நாற்காலி கிடைத்ததே செய்தி.

பெண்டிர் அங்கே தனியே அமர்வது அரிது. குடும்பத்தோடு வருவோர்க்கெனச் சில கடைகளில் தனியறை இருந்தது. நம் தாய்மார் அதனையும் தயங்கியே மிதித்தனர்.

ஐம்பதுகளில் நூற்றுக்கணக்கில் இருந்த இக்கடைகள் இன்று சில பத்துகளாகக் குறைந்துவிட்டன. தோபி தலாவின் பஸ்தானி 2004இல் மூடப்பட்டது. பல கடைகள் கைமாறி உடுப்பி உணவகங்களாயின. அங்கே நாம் தோசை உண்டோம் என்பதையும் மறைப்பதற்கில்லை. பார்சிகளும் இரானிகளும் அடங்கிய அச்சமயத்தார் 2001இல் இந்தியா முழுவதிலும் 69,601 பேர். 2011இல் 57,264 பேர். கல்லாவில் அமரப் பிள்ளைகள் இல்லை. இருந்தோரும் படித்து வேறு தொழிலுக்கும் வேறு நாட்டுக்கும் சென்றனர்.

நம் வீடுகளிலும் அதுவே நடக்கின்றது. மாடுங்காவை விட்டுத் தானேக்கும் நவி மும்பைக்கும் குடிபெயர்ந்த முதியோர் சிலர், மருத்துவரைக் காண நகருக்குள் வரும் நாளில், எஞ்சிய மூலைக்கடை ஒன்றைத் தேடிச் சென்று ஒரு புருன் மஸ்காவும் இரண்டு தேநீரும் கேட்கின்றனர். பல் இல்லாதவர் பன் கேட்கின்றனர்.