தசையின் வலிமையும் நரம்பின் விழிப்பும்

தென் இத்தாலியிலே கிரேக்கர் குடியேறி வாழ்ந்த குரோத்தோன் என்னும் நகரில், கி. மு. ஆறாம் நூற்றாண்டில் மைலோ என்னும் மல்லன் ஒருவன் இருந்தான். ஒலிம்பிய விழாவிலே சிறுவர் மல்யுத்தத்தில் ஒருமுறையும் ஆடவர் மல்யுத்தத்தில் ஐந்து முறையும் அவன் வாகை சூடினான். அவன் ஒரு கன்றை நாள்தோறும் தோளிலே சுமந்து பழகினான் என்றும், கன்று வளர வளர அவனது வலிமையும் வளர்ந்து, ஈற்றில் முழு எருதையே சுமக்கலானான் என்றும் பழங்கதை கூறும். கதை கதையே எனினும், அதனுள் ஓர் உண்மை பொதிந்து கிடக்கின்றது. சுமை சிறிது சிறிதாக ஏறுமாயின் உடல் அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். முதல் நாளிலேயே எருதைத் தூக்க முனைபவன் ஊறுபட்டு வீழ்வான். உடலை வளர்க்கும் பயிற்சியையும் உடலைக் கெடுக்கும் பயிற்சியையும் பிரித்துக் காட்டுவது அளவு. அந்த அளவு யாது என்பதை அறிய மனிதர் எடுத்த முயற்சி நெடியது.

அம்முயற்சியிலே முதன்மையாக எண்ணத்தக்கவர் கலென் என்னும் கிரேக்க வைத்தியர். இன்றைய துருக்கி நாட்டிலுள்ள பெர்கமம் நகரில் கி. பி. 129ஆம் ஆண்டு பிறந்த இவர், 157ஆம் ஆண்டில் அந்நகரத்துக் கிளாடியேட்டர்களுக்கு வைத்தியராக அமர்த்தப்பட்டார். கிளாடியேட்டர் என்போர் மக்கள் கூட்டத்தின் முன்னே படைக்கலம் ஏந்திப் பொருதவர்கள். அவர்களுடைய காயங்களைக் கழுவிக் கட்டியதோடு கலென் அமையவில்லை; அவர்களது உணவையும் பயிற்சியையும் கவனித்தார். முன்னிருந்த வைத்தியர் காலத்தில் பலர் மாண்டனர் என்றும், தம்முடைய காலத்தில் மாண்டோர் மிகச் சிலரே என்றும் அவர் பெருமையோடு எழுதிவைத்தார். சிறு பந்து கொண்டு செய்யும் பயிற்சியைப் பற்றியும் அவர் ஒரு நூல் செய்தார். உடலின் எல்லா உறுப்புக்களையும் அளவோடு இயக்கும் பந்தாட்டத்தை அந்நூல் போற்றுகின்றது. ஓட்டத்தாலும் மல்யுத்தத்தாலும் நேரக்கூடிய கேடுகளையும் எடுத்துக் கூறுகின்றது.

கலெனுக்குப் பின், மூன்றாம் நூற்றாண்டில் பிலோஸ்திராத்தோஸ் என்னும் அறிஞர் தேகாப்பியாசக் கலையைப் பற்றி எழுதிய நூலிலே துயரமான நிகழ்ச்சி ஒன்று காணப்படுகின்றது. அக்காலப் பயிற்றுநர்கள் நான்கு நாள் முறை ஒன்றைக் கைக்கொண்டனர். முதல் நாள் உடலை ஆயத்தம் செய்வது. இரண்டாம் நாள் கடும் பயிற்சி. மூன்றாம் நாள் இளைப்பாறல். நான்காம் நாள் மிதமான பயிற்சி. முறை நல்லதே போலத் தோன்றும். ஆனால் வீரனின் அன்றைய நிலை யாது என அது கேட்பதில்லை. ஒலிம்பிய விழாவிலே வென்ற கெரெனோஸ் என்னும் மல்லன், வெற்றிக் களிப்பில் நண்பரோடு விருந்துண்டு குடித்தபின் பயிற்சிக்களத்துக்கு வந்தான். தன் உடல் சரியாக இல்லை என்பதை அவன் மறைக்கவுமில்லை. பயிற்றுநரோ சினங்கொண்டு, முறைப்படி செய்தே தீரவேண்டும் என அவனை வற்புறுத்தினார். பயிற்சியின் நடுவே அவன் உயிர் பிரிந்தது. கண்ணெதிரே நிற்கும் மனிதனை மறந்து ஏட்டிலுள்ள முறையை மட்டும் பற்றி நிற்பதன் கேட்டினை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டுவதில்லை.

இனி, நம் காலத்துக்கு அணித்தான வரலாற்றை நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே விளையாட்டு உலகில் ஓர் அச்சம் வேரூன்றியிருந்தது. பாரந்தூக்கிப் பழகுபவனின் தசைகள் இறுகிக் கட்டுண்டு போகும். அவன் விரைவும் வளைவும் இழப்பான் என்பதே அது. இதனால் ஓட்டக்காரரும் பந்தாட்டக்காரரும் பாரத்தைத் தொடாதபடி பயிற்றுநர்கள் தடுத்தனர். 1940ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இஸ்பிரிங்பீல்ட் கல்லூரியிலே பாரந்தூக்கும் வீரர் சிலர் தம் ஆற்றலைக் காட்ட வந்தனர். இவ்வச்சத்தை ஏற்றிருந்த உடலியல் பேராசிரியர் பீற்றர் கார்ப்போவிச், அவர்களுள் ஒருவரான ஜோன் கிறிமெக்கைத் தம் முதுகைச் சொறிந்து காட்டுமாறு கேட்டார். இத்துணைப் பருத்த தோள்களை உடையவரின் கை முதுகை எட்டாது என்பது அவர் எண்ணம். கிறிமெக் எளிதாக முதுகைச் சொறிந்தார். இரு கால்களையும் நேர்கோடாக விரித்துத் தரையில் அமர்ந்தும் காட்டினார். பேராசிரியர் தம் கொள்கையைச் சோதனைக்கு உட்படுத்தத் துணிந்தார். பாரந்தூக்கிப் பழகியோர் 300 பேரையும் பழகாதோர் 300 பேரையும் கொண்டு அவரும் அவருடைய மாணாக்கரும் கைவீச்சின் விரைவை அளந்தனர். பழகியோரின் கைகளே விரைந்து இயங்கின என்னும் முடிவு 1951இல் வெளிவந்தது.

இதற்கிடையே, இரண்டாம் உலகப் போரிலே முழங்கால் முறிந்து திரும்பிய போர்வீரர்களால் அமெரிக்க வைத்தியசாலைகள் நிறைந்திருந்தன. மெலிந்த கால்களுக்கு எளிய அசைவுகளே அக்காலத்தில் விதிக்கப்பட்டன. குணமடைய மாதங்கள் பல சென்றன. சிக்காகோவிலுள்ள இராணுவ வைத்தியசாலையில் பணிபுரிந்த தோமஸ் டிலோர்ம் என்னும் இளம் வைத்தியர் வேறு வழி கண்டார். இளமையிலே நோயுற்றுத் தாமே பாரந்தூக்கி உடலைத் தேற்றியவர் அவர். ஒருவர் பத்து முறை மட்டுமே தூக்கக்கூடிய பாரம் எவ்வளவு என்பதை அளந்தறிந்து, வலிமை ஏற ஏறப் பாரத்தையும் ஏற்றினார். மெலிந்த கால்கள் தேறின. 1945இல் வெளிவந்த அவரது கட்டுரை, மைலோவின் கன்றுக்குட்டிக் கதையை எண்ணும் அளவும் உடைய வைத்திய முறையாக்கியது.

எனினும், வலிமை ஒன்றே உடலைக் காக்குமா? வலிய கால்களை உடையவனும் ஓடும்போது கணுக்கால் மடங்கி வீழ்கின்றான். ஒருமுறை மடங்கிய கணுக்கால் மறுமுறையும் மடங்குகின்றது. 1965ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் மைக்கேல் பிறீமனும் அவர்தம் துணைவரும் இதற்குக் காரணம் தேடினர். எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் நாரிலே நுண்ணிய நரம்பிழைகள் உள. மூட்டு எப்பக்கம் சாய்கின்றது என்ற செய்தியை அவை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. நார் கிழியும்போது இந்நரம்பிழைகளும் அறுபடுதலால், வலி தீர்ந்த பின்னும் கால் தன் நிலையை உணராது தடுமாறுகின்றது என அவர்கள் கருதினர். அடியில் உருண்ட மரத்துண்டு பொருத்திய ஆடும் பலகையின்மேல் நோயாளரை நிற்கப் பழக்கினர். அவ்வாறு பழகியோரிடம் தடுமாற்றம் குறைந்தது. நாரின் நரம்புகளோடு தசைகளும் முண்ணாணும் மூளையும் இதிலே பங்குகொள்கின்றன எனப் பிற்கால ஆராய்ச்சி விரித்துரைத்தது. கயிற்றின்மேல் நடக்கும் கழைக்கூத்தாடி இவ்வுண்மையைத் தன் காலாலே அறிவான். அவன் கால் சாய்ந்த பின் திருந்துவதில்லை. சாயத் தொடங்கும்போதே திருந்துகின்றது. நரம்பின் இவ்விழிப்பும் தசையைப் போலவே பயிற்சியால் வளர்வது.

ஆயினும், அடிபட்டவரைத் தேற்றும் இம்முறைகள், அடிபடாதவரைக் காக்கவும் வல்லனவா என்பது நெடுங்காலம் கேட்கப்படாத கேள்வியாகவே இருந்தது. விளையாட்டில் காயம்படுவது ஊழ் என்றே பலரும் எண்ணினர். சுவீடன் நாட்டிலே ஜான் எக்ஸ்திராந்து என்னும் வைத்தியரும் துணைவரும் பன்னிரண்டு உதைபந்தாட்டக் குழுக்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். பாதிக் குழுக்களுக்கு உடலை ஆயத்தம் செய்தல், கணுக்காலுக்குக் கட்டிடுதல், காயம் ஆறிய பின்னரே களமிறக்குதல் முதலிய முறைகள் வகுக்கப்பட்டன. அக்குழுக்களில் மற்றவற்றைவிடக் காயங்கள் நான்கில் மூன்று பங்கு குறைவாயின என 1983இல் அவர்கள் அறிவித்தனர்.

அதன்பின் நோர்வே நாட்டார் இத்துறையில் முன்னின்றனர். பந்தைக் கையால் எறிந்து ஆடும் கைப்பந்தாட்டம் அங்கே மிகுதியும் ஆடப்படுவது. அவ்வாட்டத்திலே விரைந்தோடி, சட்டென்று திரும்பி, துள்ளி விழும் கணத்தில் முழங்காலின் உள்ளே குறுக்காக ஓடும் நார் அறுந்துபோவதுண்டு. எவரும் மோதாமலே இது நேர்கின்றது. இளம்பெண்களுக்கு ஆடவரைவிட மிகுதியாக நேர்கின்றது. அறுந்தால் ஓராண்டு ஆட்டம் போகும். சிலருக்கு ஆட்டமே போய்விடும். நடுவயதிலே மூட்டுத் தேய்ந்து வருந்துவோரும் பலர். 15 முதல் 17 வயது வரையுள்ள 1837 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2005இல் வெளியாயிற்று. பாதிக் கழகங்கள் பயிற்சியின் தொடக்கத்தில் 15 முதல் 20 நிமிடம் வரை ஒதுக்கின. சிறு ஓட்டம், முழங்கால் உட்புறம் சரியாமல் துள்ளி இறங்குதல், ஆடும் பலகையில் நின்று பந்தெறிதல், தொடைத் தசைகளை வலுப்படுத்துதல் என்பன அதிலே அடங்கின. இக்கழகங்களில் 48 பேருக்கும் மற்றவற்றில் 81 பேருக்கும் முழங்காலிலோ கணுக்காலிலோ திடீர்க் காயம் ஏற்பட்டது.

2011இல் டென்மார்க்கில் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் எளியது. முழந்தாளிட்டவரின் கணுக்காலைத் தோழர் பற்றிக்கொள்ள, அவர் முன்னோக்கி மெல்லச் சாய்ந்து, பின்தொடைத் தசையால் வீழ்ச்சியைத் தடுத்தல் வேண்டும். 942 உதைபந்தாட்டக்காரரைக் கொண்ட அச்சோதனையில், இதைப் பழகியோரிடையே 15 பின்தொடைக் காயங்களும் பழகாதோரிடையே 52 காயங்களும் நேர்ந்தன.

இம்முறைகளுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. பெரும்பாலனவற்றுக்கு ஒரு பந்தும் ஒரு தோழரும் சிறிது நிலமும் போதும். ஒற்றைக் காலில் நிற்கப் பலகைகூட வேண்டா. வேண்டுவது விடாமை. நோர்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள பெண் உதைபந்தாட்டக்காரரிடையே இத்தகைய பயிற்சியை ஆராய்ந்தபோது, கடுமையான காயங்கள் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்ததை 2008இல் கண்டனர். பின்னர் அதே கணக்கைப் பிரித்து நோக்கியபோது, பயிற்சியை அடிக்கடி செய்த குழுக்களிலேயே காயங்கள் குறைவாயிருந்தமை புலனாயிற்று. போட்டி நெருங்கும்போது பல பயிற்றுநர் முதலில் வெட்டி எறிவது இந்த இருபது நிமிடங்களையே. கெரெனோசின் பயிற்றுநர் முறையை விடாப்பிடியாகப் பற்றி மனிதனை இழந்தார். இன்று ஒரு பயிற்றுநர் நல்ல முறையைக் கைநழுவ விட்டு ஒரு சிறுமியின் முழங்காலை இழக்கக்கூடும். பாடசாலை மைதானத்திலே நிற்கும் பிள்ளை தன் உடலை நம்பி ஒப்படைப்பது பயிற்றுநரிடமே. அந்த நம்பிக்கைக்கு அவர் செலுத்தவேண்டிய கடன், ஆட்டத்துக்கு முன்னரான அந்த இருபது நிமிடம்.