இலவசக் குடையும் இரவு எட்டு மணியும்

ஒரு குடையின் கதை சொல்கிறேன், கேளுங்கள். நூறு வருடங்களுக்கு முந்தைய குடை. ஆனால், இன்றைக்கும் நம் வீட்டுக் கூடத்தில் அது விரிந்துதான் இருக்கிறது.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே அப்போது கப்பல் விட்டுக்கொண்டிருந்தது ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி. பெயர், பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன். அவர்கள் வைத்ததுதான் சட்டம். அதை எதிர்த்து 1906 அக்டோபரில் சுதேசி கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார் வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். ஊர் ஊராக அலைந்து பணம் திரட்டினார். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு சொந்தக் கப்பல்களும் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன.

வெள்ளைக்காரன் சும்மா இருப்பானா? கட்டணத்தைக் குறைத்தான். சுதேசியும் குறைத்தது. அவன் இன்னும் குறைத்தான். கடைசியில், 'எங்கள் கப்பலில் காசே வேண்டாம். ஏறுகிறவர்களுக்கு ஆளுக்கொரு குடையும் இனாம்' என்ற அளவுக்கு இறங்கிவிட்டான்!

நீங்களே சொல்லுங்கள். கொழும்புக்குப் பிழைக்கப் போகிற ஏழைத் தொழிலாளி எந்தக் கப்பலில் ஏறுவான்? அவனைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. ஆனால், அந்தக் கூட்டத்தைக் காட்டி, 'பார்த்தீர்களா, ஜனங்களுக்கு சுதேசிக் கப்பல் பிடிக்கவில்லை' என்று ஒருவர் சொன்னால், அதை ஒப்புக்கொள்வீர்களா?

1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். நாற்பது வருடத் தண்டனை. அப்பீலில் அது குறைந்தது. சிறையில் செக்கிழுத்து, 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. 1936-ல் அதே தூத்துக்குடியில் கண்ணை மூடினார்.

அதோடு கதை முடியவில்லை. ம.பொ.சி. எழுதிய வாழ்க்கை வரலாற்றை வைத்து, 1961-ல் 'கப்பலோட்டிய தமிழன்' படத்தை எடுத்தார் பி.ஆர்.பந்துலு. சிவாஜிதான் வ.உ.சி. பாட்டெல்லாம் பாரதி பாட்டு. ஆனால், தியேட்டரில் படம் நஷ்டம்! கடலில் தோற்ற மனிதர் கொட்டகையிலும் தோற்றார்.

பிறகு அவரைக் கரை சேர்த்தது எது தெரியுமா? டெலிவிஷன். 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்தது. சுதந்திர தினம், குடியரசு தினம் என்றால் இந்தப் படத்தைப் போடுவது வழக்கமாயிற்று. டிக்கெட் வாங்காத தாத்தா பாட்டியும், அந்தப் படம் வந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகளும் உட்கார்ந்து பார்த்தார்கள். இன்றைக்கு வ.உ.சி. என்றதும் உங்கள் மனசில் வருகிற முகம் யாருடையது? சிவாஜி முகம்தானே! வசூல் கணக்குப் பார்க்காமல் ஒருவர் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டதால் வந்த முகம் அது.

இந்தியாவில் டெலிவிஷன் பிறந்ததே இந்த மாதிரி வேலைக்குத்தான். 1959 செப்டம்பர் 15-ல் டெல்லியில் அது தொடங்கியது பரீட்சார்த்தமாக. சீக்கிரமே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம், விவசாயிக்கு யோசனை என்று வளர்ந்தது. நம் சென்னை நிலையத்தின் 'வயலும் வாழ்வும்' பலருக்கு ஞாபகம் இருக்கும்.

இன்றைக்கு இரவு எட்டு மணிக்கு என்ன ஓடுகிறது? பாலில் விஷம், மாமியாரின் சபதம், மருமகள் கன்னத்தில் அறை. கூடத்தில் ஏழு வயசுப் பிள்ளை வீட்டுப்பாடத்தை மடியில் வைத்துக்கொண்டு அதைத்தான் பார்க்கிறது. கேட்டால், 'ஜனங்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம். ரேட்டிங்கைப் பாருங்கள்' என்கிறார்கள். இதுதான் அந்தப் பழைய குடை! சாயங்காலம் முழுக்க இனாமாக ஒன்றையே நீட்டிவிட்டு, கை நீட்டியவர்களின் தலையை எண்ணினால் அது விருப்பமா?

'நல்ல விஷயம் என்றாலே போரடிக்குமே சார்' என்பீர்கள். அதற்கும் பதில் தூத்துக்குடிச் சீமையிலேயே இருக்கிறது. 1867-ல் பக்கத்து காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். வள்ளி திருமணம், பவளக்கொடி என்று அவர் எழுதிய நாடகங்களுக்கு விடிய விடியக் கூட்டம். பாட்டு, தர்க்கம், சிரிப்பு எல்லாம் இருக்கும். நடுவே, எழுத்து தெரியாத ஜனங்களின் காதில் நல்ல தமிழும் நியாய அநியாயமும் ஏறிவிடும். அவரிடம் பாடம் கேட்ட பையன்தான் டி.கே.சண்முகம். 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் சுப்பிரமணிய சிவாவாக வந்தவர்!

வெளிநாட்டு உதாரணம் வேண்டுமா? மெக்ஸிகோவில் 1975-ல் மிகேல் சபிதோ என்பவர் ஒரு சீரியல் எடுத்தார். அழுகை, காதல் எல்லாம் உண்டு. கதாபாத்திரங்கள் மட்டும் முதியோர் கல்வி வகுப்புக்குப் போவார்கள். பாடப்புத்தகம் எங்கே கிடைக்கும் என்று ஒரு நாள் சொன்னதும், வாங்க வந்த கூட்டத்தில் தெருவே திணறியது. அதே பாணியில் நம் தூர்தர்ஷனில் 1984-ல் வந்ததுதான் 'ஹம் லோக்'. நாடே உட்கார்ந்து பார்த்த தொடர்.

இன்னொரு விஷயம். 'கப்பலோட்டிய தமிழன்' வந்த அதே 1961-ல்தான் தூத்துக்குடியின் கடைசி முத்துச் சலாபமும் நடந்தது. முத்துச் சிப்பி விளைய நாலைந்து வருஷம் ஆகும். அதிகாரிகள் கடலுக்கடியில் உள்ள பார்களில் மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்துப் பார்ப்பார்கள். விளையவில்லை என்றால் சலாபம் கிடையாது, காத்திருக்க வேண்டியதுதான். வாராவாரம் சிப்பியை உடைத்துப் பார்த்திருந்தால் எந்த ராணி கழுத்திலும் முத்து ஏறியிருக்காது. நம் சேனல்களோ வாராவாரம் வருகிற ரேட்டிங்கைப் பார்த்து உடைக்கிறார்கள்.

எல்லா சீரியலையும் நிறுத்தச் சொல்லவில்லை. எல்லோரும் விழித்திருக்கிற நேரத்தில், ஒவ்வொரு சேனலும் தினம் அரை மணி நேரத்தை ரேட்டிங் பார்க்காமல் ஒதுக்கட்டும். மூன்று வருஷம் பொறுக்கட்டும். அரசாங்கப் பணத்தில் நடக்கும் தூர்தர்ஷனுக்கு இதில் முதல் கடமை இருக்கிறது. நமக்கும் ஒரு வேலை உண்டு. நல்லதாக ஒன்று வந்தால் உட்கார்ந்து பாருங்கள். பிடித்திருந்தால் அந்தச் சேனலுக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள். 25 ரூபாய்ப் பங்கு வாங்கினவர்கள் அன்றைக்குச் செய்ததும் இதைத்தான்.